வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து கல்லூரிக்கு: வழியில் எங்கே அறுபடுகிறது?

அமெரிக்காவில் ஒரு குழந்தை தன் வீட்டில் பாதுகாப்பாக இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தால், அக்குழந்தையின் பொறுப்பை மாநில அரசோ, அதன் சார்பில் கவுண்டி நிர்வாகமோ ஏற்றுக்கொள்கிறது. அடி உதையைக் காட்டிலும், கவனிப்பாரற்றுப் போவதும் பெற்றோரின் போதைப் பழக்கமுமே பெரும்பாலும் இதற்குக் காரணமாக அமைகின்றன. அவ்வாறு பிரிக்கப்பட்ட குழந்தை உறவினர் வீட்டிலோ, அரசிடம் உரிமம் பெற்ற வளர்ப்புப் பெற்றோரிடமோ, பலரை ஒன்றாகத் தங்க வைக்கும் குழு இல்லத்திலோ வளர்கிறது. 'ஃபாஸ்டர் கேர்' எனப்படும் இந்த வளர்ப்புப் பராமரிப்பில் 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 4.3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 2023-இல் அந்த எண்ணிக்கை சுமார் 3.4 லட்சமாகக் குறைந்தது. குழந்தையைப் பெற்றோரிடமே திரும்பச் சேர்ப்பது, முடியாவிட்டால் தத்துக் கொடுப்பது அல்லது ஒரு நிரந்தரப் பாதுகாவலரிடம் ஒப்படைப்பது என்பதே ஏற்பாட்டின் நோக்கம். ஆனால் பதின்வயதில் பராமரிப்புக்குள் வருபவர்களுக்குத் தத்துப் பெற்றோர் கிடைப்பது அரிது. இவற்றில் எதுவும் அமையாமல், வயது வரம்பைத் தொட்டுவிட்ட ஒரே காரணத்தால் வெளியேறுபவர்கள் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 15 ஆயிரம் முதல் 20 ஆயிரம் பேர் வரை இருந்திருக்கிறார்கள்.

இவர்களின் படிப்பு என்ன ஆகிறது என்பதைக் காட்டும் எண்கள் பல ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளியை நான்கு ஆண்டுகளில் முடிப்போர், எல்லா மாணவர்களையும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 86 விழுக்காடு. வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 60 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. கொலராடோவில் இடைவெளி இன்னும் மோசம்: அங்கே பராமரிப்பில் உள்ள மாணவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கே உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடித்ததற்கான பட்டயம் பெறுகிறார்கள். கல்லூரி என்று வரும்போது அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாப்பின் ஹால் ஆய்வு மையத்தில் மார்க் கோர்ட்னியின் தலைமையில் நடந்த மத்திய மேற்கு ஆய்வு. இல்லினாய், அயோவா, விஸ்கான்சின் மாநிலங்களில் பராமரிப்பிலிருந்து வெளியேறவிருந்த இளைஞர்களை 2002 முதல் தொடர்ந்து சந்தித்துவந்த அந்த ஆய்வில், 26 வயதுக்குள் இரண்டாண்டு அல்லது நான்காண்டுப் பட்டம் பெற்றிருந்தவர்கள் 8 விழுக்காடு மட்டுமே. அதே வயதில் பொதுவான இளைஞர்களில் 46 விழுக்காட்டினர் பட்டம் பெற்றிருந்தனர். ஆர்வக் குறைவுதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. பதினேழு வயதில் கேட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் கல்லூரிக்குப் போக விரும்புவதாகவே சொன்னார்கள்.

அப்படியானால் பணம்தான் தடை என்று தோன்றும். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கொள்கை வகுப்போரும் நன்கொடையாளர்களும் பெரும்பாலும் அப்படியே நினைத்து, கல்லூரிக் கட்டணத்தைச் சுற்றியே உதவித் திட்டங்களை அமைத்துவந்திருக்கிறார்கள். கட்டணம் சிறிய செலவு அன்று. ஆனால் இந்த மாணவர்களில் பலரின் வழி அதற்கு வெகு முன்பே, ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில், யாரும் கவனிக்காத ஒரு கணக்கில் அறுந்துவிடுகிறது. அந்தக் கணக்கு எப்படி இயங்குகிறது என்பதைப் பார்க்காமல் மற்ற எதையும் பேசிப் பயனில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு வகுப்புகள். இறுதியில் நடக்கும் ஒரே பொதுத்தேர்வைக் கொண்டு தேர்ச்சி முடிவாவதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு செமஸ்டரின் முடிவிலும், பாடத்தை முடித்ததற்கான புள்ளிகளாக, இத்தனை கிரெடிட் என்று சேர்ந்துகொண்டே வரவேண்டும். ஒரு பகுதியின் பள்ளிகளை நிர்வகிக்கும் 'பள்ளி மாவட்டம்' வகுத்த மொத்தத்தை எட்டினால் மட்டுமே பட்டயம். வகுப்பில் உட்கார்ந்த நேரத்தைக் கொண்டு படிப்பை அளக்கும் இந்த முறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னகி அறக்கட்டளையின் முயற்சியால் பரவிய, 120 மணி நேரத்தை ஓர் அலகாகக் கொள்ளும் 'கார்னகி அலகு' என்ற வழக்கத்திலிருந்து வந்தது. ஓர் ஊரில் ஒரே பள்ளியில் நான்கு ஆண்டுகள் படிக்கும் மாணவருக்கு இது இயல்பாகவே சேர்ந்துவிடும். வீடு மாறும்போதெல்லாம் பள்ளியும் மாறும் மாணவருக்கு இதுவே பொறியாகிவிடுகிறது.

நவம்பர் நடுவில் இடம் மாற்றப்படும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்டிலிருந்து அவள் வடிவியலும் உயிரியலும் உலக வரலாறும் படித்திருக்கிறாள். செமஸ்டர் முடிய இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன; ஆகவே பழைய பள்ளியின் பதிவில் அவளுக்கு எந்தக் கிரெடிட்டும் ஏறியிருக்காது. புதிய பள்ளியில் உயிரியல் வகுப்பு நிரம்பிவிட்டதால் அவளைப் புவி அறிவியலில் சேர்க்கிறார்கள். அதில் முதல் பாதியை அவள் படித்ததே இல்லை. வடிவியல் அங்கே வேறு பாடத்திட்டத்தில், வேறு வரிசையில் நடக்கிறது. மீதிப் பாடவேளைகளை நிரப்ப, ஏற்கெனவே முடித்த ஓவியப் பாடமே மீண்டும் தரப்படுகிறது, அல்லது ஆசிரியருக்கு உதவியாளராக இருக்கும் வெற்று வேளை ஒதுக்கப்படுகிறது. பதினோராம் வகுப்பில் மறுபடியும் ஓர் இடமாற்றம். அதற்குள் சில மாதங்கள் ஒரு குழு இல்லத்தின் வளாகத்துக்குள்ளேயே நடக்கும் பள்ளியில் கழிந்திருந்தால், அந்தப் பள்ளியின் பாடங்களை அடுத்த பள்ளி ஏற்குமா என்பது தனிக் கேள்வி. மொத்தத்தில், வகுப்பறையில் மற்றவர்களைப் போலவே மூன்று ஆண்டுகள் உட்கார்ந்திருந்தும், பன்னிரண்டாம் வகுப்பில் நுழையும்போது அவளிடம் ஒன்றரை ஆண்டுக்கான கிரெடிட்டே இருக்கக்கூடும். இது அவளுக்குத் தெரிய வருவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

இதில் யாரும் வேண்டுமென்று தவறு செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சமூகப் பணியாளர், பாதுகாப்பான ஒரு படுக்கை கிடைத்த இடத்துக்கு அவளை அழைத்துச் சென்றார். பழைய பள்ளியின் அலுவலர் விதிப்படி செமஸ்டர் முடியாமல் கிரெடிட் போடவில்லை. புதிய பள்ளியின் ஆலோசகர், தம் கையில் இருந்த நானூறு மாணவர்களுக்கு நடுவே, காலியாக இருந்த வகுப்புகளில் அவளை அமர்த்தினார். நீதிபதி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வழக்கை விசாரித்தபோது, 'பள்ளிக்குப் போகிறாள்' என்ற வரியை அறிக்கையில் பார்த்தார். ஒரு வீட்டில் தாயோ தந்தையோ கேட்டிருக்கக்கூடிய எளிய கேள்வியை, அதாவது 'போன செமஸ்டரின் உயிரியல் எங்கே போயிற்று' என்பதை, கேட்பது எவருடைய வேலையாகவும் இல்லை.

சட்டங்கள் இந்த ஓட்டையைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கலிஃபோர்னியா 2003-இல் இயற்றிய ஏபி 490 சட்டம், வீடு மாறினாலும் பழைய பள்ளியிலேயே தொடரும் உரிமையையும், பதிவேடுகள் வந்து சேராவிட்டாலும் புதிய பள்ளி உடனே சேர்த்துக்கொள்ளும் கடமையையும், பாதியில் நின்ற பாடத்துக்குப் பகுதிக் கிரெடிட்டையும் கொண்டுவந்தது. நீதிமன்றத்துக்குச் சென்றதாலோ வீடு மாறியதாலோ வராத நாட்களுக்காக மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது என்றும் அது சொன்னது. நாடு முழுவதற்குமான அளவில், 2008-ஆம் ஆண்டின் ஃபாஸ்டரிங் கனெக்ஷன்ஸ் சட்டம் குழந்தை நலத் துறைக்கும், 2015 டிசம்பரில் கையெழுத்தான 'எவ்ரி ஸ்டூடன்ட் சக்ஸீட்ஸ்' சட்டம் கல்வித் துறைக்கும் இதே போன்ற கடமைகளை விதித்தன. இரண்டாவது சட்டத்தின்படி, பள்ளியை மாற்றுவது மாணவரின் நலனுக்கு உகந்தது என்று முடிவாகாதவரை அவர் பழைய பள்ளியிலேயே தொடரவேண்டும். அதற்கான போக்குவரத்தைப் பள்ளி மாவட்டமும் குழந்தை நலத் துறையும் சேர்ந்து ஏற்பாடு செய்யவேண்டும். பராமரிப்பில் உள்ளவர்களின் தேர்ச்சி விகிதத்தை ஒவ்வொரு மாநிலமும் தனியே வெளியிடவேண்டும். மேலே கண்ட மாநில எண்கள் பொதுவெளிக்கு வந்ததில் இந்த கடைசி விதிக்குப் பெரும் பங்கு உண்டு. இவற்றுக்கு இடையே, 2013 ஜனவரியில் வந்த 'அன்இன்டரப்டட் ஸ்காலர்ஸ்' சட்டம், பெற்றோரின் ஒப்புதலுக்காகக் காத்திராமல் சமூகப் பணியாளர் பள்ளிப் பதிவுகளைப் பார்க்க வழி செய்தது. அதற்கு முன்பு, யாரிடமிருந்து குழந்தையைப் பிரித்தார்களோ அவர்களிடமே கையெழுத்து வாங்க வேண்டிய விந்தையான நிலை இருந்தது.

நடைமுறையில் இந்த உரிமைகளில் அதிகம் தடுக்கி விழுவது போக்குவரத்தும் பகுதிக் கிரெடிட்டும்தான். புதிய வீடு இருபத்தைந்து மைல் தொலைவில் இருந்தால், காலையும் மாலையும் அழைத்துச் செல்பவர் யார், செலவு யாருடையது என்று இரண்டு அலுவலகங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே மூன்று வாரங்கள் ஓடிவிடும். அதற்குள் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பதே எளிது என்று எல்லோருக்கும் தோன்றிவிடும். பகுதிக் கிரெடிட்டைப் பழைய பள்ளி கணக்கிட்டு அனுப்ப வேண்டும், புதிய பள்ளி அதை ஏற்று அதே பாடத்தின் தொடர்ச்சியாகப் பதிவு செய்ய வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் சட்டத்தில் உள்ள உரிமை காகிதத்தோடு நின்றுவிடும். தவறியதைக் கண்டுபிடிக்க, யாரேனும் ஒருவர் இரண்டு பள்ளிகளின் டிரான்ஸ்கிரிப்டுகளையும், அதாவது பாட, மதிப்பெண் பதிவுகளையும், அருகருகே வைத்து வரி வரியாகப் பார்த்தாக வேண்டும்.

கிரெடிட் இழந்து பின்தங்கியவர்களுக்குக் கலிஃபோர்னியா ஒரு மாற்று வழியையும் திறந்தது. 2009-இல் ஏபி 167 என்ற பெயரில் வந்து, 2013-இல் ஏபி 216 மூலம் தெளிவாக்கப்பட்ட விதி இது: உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டை முடித்த பிறகு பள்ளி மாறிய மாணவர், நான்காம் ஆண்டுக்குள் உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்தின் தேவைகளை முடிக்க முடியாத நிலையில் இருந்தால், மாநிலம் கேட்கும் குறைந்தபட்சப் பாடங்களை மட்டும் முடித்துப் பட்டயம் பெறலாம். லாஸ் ஏஞ்சலஸ் போன்ற மாவட்டம் 210 கிரெடிட் கேட்கும். மாநிலக் குறைந்தபட்சமோ ஓராண்டுப் பாடங்கள் பதின்மூன்று, அதாவது 130 கிரெடிட் அளவே. வெளியேறும் விளிம்பில் இருந்த பலரின் கையில் பட்டயத்தைக் கொடுத்த நல்ல விதி இது என்பதில் ஐயமில்லை. ஆனால் இதற்குள் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்குக் கேட்பது வேறு பட்டியல்: ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று ஆண்டு என்று தொடங்கி மொத்தம் பதினைந்து ஓராண்டுப் பாடங்கள். மாநிலக் குறைந்தபட்சத்தில் ஆங்கிலம் மூன்று ஆண்டு, கணிதம் இரண்டு ஆண்டு போதும். எனவே விலக்குப் பெற்றுப் பட்டயம் வாங்கியவருக்கு மாநிலத்தின் நான்காண்டுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் நேரடியாக இடம் கிடைக்காது. இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து, பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். ஐந்தாம் ஆண்டு தங்கிப் படித்து முழுத் தேவையையும் முடிக்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்த மாணவரின் வயது, அவர் இருக்கும் வீடு இன்னும் ஓராண்டு நிலைக்குமா என்பது, அவர் என்ன படிக்க விரும்புகிறார் என்பது ஆகியவற்றைப் பொறுத்தது. இதை ஒரு படிவத்தில் டிக் அடித்து முடித்துவிடும் அலுவலகம் மாணவருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டே ஒரு கதவைச் சாத்திவிடக்கூடும்.

இத்தகைய முடிவுகளில் கையெழுத்திடும் உரிமை சட்டப்படி யாரிடம் இருக்கிறது என்பதை உதவ வருபவர் முதல் நாளே கேட்டறிய வேண்டும். குழந்தை பிரிக்கப்பட்டாலும் கல்வி தொடர்பான உரிமை பல நேரங்களில் பெற்றோரிடமே இருக்கும். நீதிமன்றம் அதை வளர்ப்புப் பெற்றோருக்கோ உறவினருக்கோ வேறொருவருக்கோ மாற்றியிருக்கலாம். சிறப்புக் கல்வித் திட்டம் தேவைப்படும் மாணவர்கள் பராமரிப்பில் மிகுதி. அதற்கான மதிப்பீட்டுக்கு ஒப்புதல் தர உரியவர் யார் என்று தெரியாததாலேயே மாதக்கணக்கில் அது தள்ளிப்போவதுண்டு. 1977-இல் சியாட்டில் நீதிபதி டேவிட் சூகப் தொடங்கிவைத்து இன்று நாடெங்கும் பரவியிருக்கும் 'காசா' திட்டத்தின் தன்னார்வலர்கள், நீதிமன்ற ஆணையோடு குழந்தையின் சார்பில் பேசுபவர்கள் என்பதால், சில மாநிலங்களில் இந்தக் கல்வி உரிமையையும் ஏற்றுக்கொள்கிறார்கள். சமூகப் பணியாளர்கள் அடிக்கடி மாறும் துறை இது. அவர்கள் மாறினாலும் மாறாமல் நிற்பவர் ஒருவர் இருப்பது இத்திட்டத்தின் பலம்.

எந்த உதவி பலன் தருகிறது என்பதற்குச் சான்று இருக்கிறதா? குறைவுதான், ஆனால் இருப்பது தெளிவான ஒன்றைச் சொல்கிறது. 1999-இல் இயற்றப்பட்ட, மறைந்த ரோட் ஐலண்ட் செனட்டர் ஜான் சேஃபியின் பெயரைத் தாங்கிய சட்டம், இளைஞர்களைச் சொந்தக் காலில் நிற்கத் தயார் செய்ய மாநிலங்களுக்கு ஆண்டுக்கு 140 மில்லியன் டாலர் ஒதுக்கியதோடு, திட்டங்களை முறையாக மதிப்பிடவும் ஆணையிட்டது. அதன்படி நான்கு திட்டங்கள், மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராயப்பட்டன. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 14, 15 வயது மாணவர்களின் வீட்டுக்கே சென்று பாடம் சொல்லிக்கொடுத்த திட்டம் படிப்பில் அளவிடத்தக்க மாற்றம் எதையும் தரவில்லை. அதே கவுண்டியில் வாழ்க்கைத் திறன் வகுப்புகள் நடத்திய திட்டமும் அப்படியே. மாறாக, மாசசூசெட்ஸில் ஒரே பணியாளர் ஓர் இளைஞரோடு தொடர்ந்து பழகி, தேவைக்கேற்ப உதவிய திட்டத்தில் கல்லூரிச் சேர்க்கையும் அதில் நீடிப்பதும் கூடின. அந்த இளைஞர்கள் 18 வயதுக்குப் பிறகும் பராமரிப்பிலேயே தங்கியது அதற்குப் பெரிதும் காரணம் என்பதையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். இந்த நான்குக்கு வெளியே, ஆரிகனில் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'பெட்டர் ஃபியூச்சர்ஸ்' திட்டம், மனநலச் சிக்கல்களோடு போராடிய பராமரிப்பு மாணவர்களுக்கு, அதே அனுபவத்தைக் கடந்து கல்லூரிக்குச் சென்றிருந்த சற்றே மூத்தவர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது. அதிலும் கல்லூரியில் சேர்வோர் கூடினர். பாடம் சொல்லித்தருவது வீண் என்பது இதன் பொருளன்று. நான்கு மாதத்தில் வேறு ஊருக்குப் போகப்போகும் மாணவிக்கு இயற்கணிதம் கற்றுத்தந்தாலும், அந்த இயற்கணிதம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது என்றால், கற்றுத்தந்த உழைப்பு எங்கே போய்ச் சேரும் என்பதே கேள்வி.

வாஷிங்டன் மாநிலத்தில் 1988-இல் சமூகப் பணியாளர்கள் தொடங்கிய 'டிரீஹவுஸ்' அமைப்பு பின்பற்றும் முறை இந்தக் கேள்விக்கு நேரடியான விடை. அதன் கல்வி வல்லுநர்கள் மாணவரைப் பள்ளியிலேயே சென்று சந்திக்கிறார்கள். வருகை, நடத்தை, பாடத் தேர்ச்சி மூன்றையும் தொடர்ந்து பார்க்கிறார்கள். பட்டயத்துக்கு இன்னும் எத்தனை கிரெடிட் பாக்கி என்பதை மாணவரோடு உட்கார்ந்து கணக்கிட்டு, திட்டத்தை மாணவரே வகுக்கும்படி செய்கிறார்கள். மாணவர் வேறு பள்ளிக்கு மாறினால் அந்தத் திட்டமும் கூடவே போகிறது. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இதில் இல்லை. ஒரு பெற்றோர் செய்யும் காரியத்தை ஊதியம் பெறும் ஒருவரின் கடமையாக எழுதிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனிக் கல்லூரி. இங்கே பணம் உண்மையிலேயே கிடைக்கிறது, ஆனால் பல பைகளிலிருந்து, பல நிபந்தனைகளோடு. முதல் படி 'ஃபாஃப்சா' எனப்படும் கூட்டாட்சி நிதியுதவி விண்ணப்பம். பதின்மூன்று வயது நிறைந்த பிறகு எப்போதாவது வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவர் யாராயினும், பின்னாளில் தத்தெடுக்கப்பட்டிருந்தாலும்கூட, அதில் சார்பற்ற மாணவராகவே கருதப்படுவார்; பெற்றோரின் வருமானத்தைக் காட்ட வேண்டியதில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. தத்துப் போனால் கல்லூரி உதவி போய்விடும் என்று அஞ்சி, கிடைத்த குடும்பத்தையே மறுத்த பதின்வயதினர் இருக்கிறார்கள். சார்பற்றவர் என்ற நிலையில், திருப்பித் தர வேண்டாத, கூட்டாட்சி அரசின் பெல் மானியம் பெரும்பாலும் முழு அளவில் கிடைக்கும். 2024–25 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். பராமரிப்பில் இருந்ததற்கான சான்றுக் கடிதத்தை மாநிலத் துறையிடமிருந்து பன்னிரண்டாம் வகுப்பிலேயே வாங்கிப் பல பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்வது, பின்னால் வரும் பாதித் தலைவலியைத் தவிர்க்கும். 2014-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி, வயது வரம்பால் வெளியேறுபவருக்குப் பிறப்புச் சான்றிதழ், சமூகப் பாதுகாப்பு அட்டை, மருத்துவப் பதிவு, அடையாள அட்டை ஆகியவற்றைத் துறையே கையில் கொடுத்தாக வேண்டும்; கேட்டு வாங்குவது அவர்களின் உரிமை.

அடுத்தது 2001-ஆம் ஆண்டில் சேஃபி திட்டத்தோடு சேர்க்கப்பட்ட கல்வி, பயிற்சி வவுச்சர். ஆண்டுக்கு அதிகபட்சம் 5,000 டாலர்; 2018-இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 26 வயது வரை, மொத்தம் ஐந்து ஆண்டுகளுக்குப் பெறலாம். கொரோனா காலத்தில் தற்காலிகமாக 12,000 டாலராக உயர்த்தப்பட்ட இந்த வரம்பு, 2022 செப்டம்பரோடு பழைய இடத்துக்கே திரும்பியது. இருபது ஆண்டுகளுக்கும் முன் வகுத்த தொகை இது. அதற்குள் கல்விக் கட்டணமும் வாடகையும் எங்கே போயிருக்கின்றன என்பதைக் கூட்டாட்சி நாடாளுமன்றத்தினர் பார்க்காமல் இல்லை; பார்த்தும் மாற்றவில்லை. இதற்கு மேல், 1993-லேயே தொடங்கிய டெக்சாஸ் முதற்கொண்டு பல மாநிலங்கள் தம் அரசுக் கல்லூரிகளில் இவர்களுக்குக் கட்டண விலக்குத் தருகின்றன. கட்டண விலக்கு என்றால் கட்டணத்துக்கு மட்டுமே விலக்கு. அறை வாடகை, சாப்பாடு, புத்தகம், பேருந்து எல்லாம் அதற்கு வெளியே.

பதினெட்டாம் பிறந்த நாள் பள்ளியின் கடைசி ஆண்டுக்கு நடுவிலேயே வந்துவிடுவது இந்த மாணவர்களின் தனித் துயரம். மேலே கண்ட 2008-ஆம் ஆண்டின் ஃபாஸ்டரிங் கனெக்ஷன்ஸ் சட்டத்தின் பயனாக, விரும்பும் மாநிலங்கள் 21 வயது வரை பராமரிப்பை நீட்டிக்கலாம், செலவில் ஒரு பகுதியைக் கூட்டாட்சி அரசு ஏற்கும் என்ற நிலை வந்தது. படிப்பது, மாதம் 80 மணி நேரம் வேலை பார்ப்பது, வேலைக்கான பயிற்சியில் இருப்பது, உடல் நலக் காரணத்தால் இவற்றைச் செய்ய இயலாமல் இருப்பது ஆகியவற்றில் ஒன்று பொருந்தினால் போதும். கலிஃபோர்னியாவில் 2012 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நீட்டிப்பு கல்லூரியில் சேர்வதைத் தெளிவாகக் கூட்டுகிறது என்பதை அங்கும் இல்லினாயிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. பட்டம் வாங்கி முடிப்பதை அந்த அளவுக்குக் கூட்டவில்லை என்பதையும் அவையே காட்டுகின்றன. இருபத்தொன்று என்பது சமுதாயக் கல்லூரியில் தொடங்கிய ஒருவர் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறும் வயது. உதவி அங்கே நிற்கிறது, படிப்பு அங்கே நடுவழியில் இருக்கிறது. நீட்டித்த பராமரிப்பில் இருக்க விரும்பாத இளைஞர்களும் உண்டு. இத்தனை ஆண்டுகள் அரசுக் கோப்பில் வாழ்ந்தவர், அதிலிருந்து விடுபடும் நாளைக் காத்திருப்பதில் வியப்பில்லை. கோபத்தில் வெளியேறியவர்கள் 21 வயதுக்குள் திரும்பச் சேர்ந்துகொள்ள இடம் கொடுக்கும் மாநிலங்கள் இருப்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

கல்லூரிக்குள் நுழைந்த பின் இடறி விழும் இடங்கள் வேறு. குளிர்கால விடுமுறையில் விடுதி மூடப்படும்போது, போவதற்கு வீடு இல்லாதவர் எங்கே போவார் என்ற கேள்வியைப் பல கல்லூரிகள் நெடுங்காலம் எழுப்பவே இல்லை. 1998-இல் ஃபுல்லர்டனில் உள்ள கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தொடங்கிய 'கார்டியன் ஸ்காலர்ஸ்' திட்டம், நிதியோடு ஆண்டு முழுவதும் தங்கும் இடத்தையும், கேட்டால் பதில் சொல்லும் ஓர் அலுவலரையும் சேர்த்துக் கொடுத்தது; பின்னர் அந்தப் பெயரிலும் அந்த முறையிலும் பல வளாகங்கள் திட்டங்களை அமைத்தன. 2009-இல் அம்மாநிலச் சட்டமே, விடுமுறையிலும் திறந்திருக்கும் விடுதிகளில் இவர்களுக்கு முன்னுரிமை தரச் சொன்னது. மிச்சிகனில், பராமரிப்பில் வளர்ந்து பேராசிரியரான ஜான் சீட்டாவின் பெயரில் 2008-இல் தொடங்கிய வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத் திட்டம், ஒவ்வொரு மாணவருக்கும் வளாகப் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்தியிருக்கிறது. வங்கிக் கணக்கு, பல் வலி, அறைத்தோழரோடு சண்டை என்று எதற்கும் அவரை அழைக்கலாம். மருத்துவச் செலவைப் பொறுத்தவரை, 18 வயதில் பராமரிப்பிலிருந்து வெளியேறியவர்களுக்கு 26 வயது வரை மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு.

கல்லூரியைப் பாதியில் விட்டவர்களின் கதைகளில் அடிக்கடி வரும் ஒரு விதியைப் பற்றி, உதவ நினைப்போர் தெரிந்தே ஆகவேண்டும். நிதியுதவி தொடர வேண்டுமென்றால் மாணவர் 'திருப்திகரமான கல்வி முன்னேற்றம்' காட்ட வேண்டும். பல கல்லூரிகளில் இதன் பொருள், சராசரி மதிப்பெண் 4.0-க்கு 2.0-க்குக் குறையாமலும், எடுத்த கிரெடிட்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை முடித்தும் இருப்பது. முதல் செமஸ்டரில் தங்கும் இடம் பறிபோய் இரண்டு பாடங்களில் தோற்ற மாணவருக்கு அடுத்த ஆண்டு பெல் மானியமும் வவுச்சரும் ஒரே நேரத்தில் நின்றுபோகக்கூடும். அதைவிடக் கொடியது சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுவது: செமஸ்டரின் 60 விழுக்காடு கடப்பதற்குள் விலகினால், பெற்ற கூட்டாட்சி உதவியில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவேண்டும், அது கல்லூரிக்குக் கடனாக மாணவரின் பெயரில் ஏறிவிடும், அந்தக் கடன் தீரும்வரை மறுபடி சேர முடியாமலும் போகலாம். இரண்டுக்கும் வழி இருக்கிறது. பாடங்களில் சிரமம் தெரிந்த உடனே, குறிப்பிட்ட தேதிக்கு முன் ஒரு பாடத்தை முறைப்படி கைவிட்டுச் சுமையைக் குறைக்கலாம். உதவி நிறுத்தப்பட்டால் எழுத்து மூலம் மேல்முறையீடு செய்து, தங்கும் இடம் இழந்ததையும் நோயையும் காரணமாகக் காட்டலாம். கடிதத்தோடு வளாக அலுவலர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரின் சான்றும், அடுத்த செமஸ்டருக்கான திட்டமும் இணைந்திருந்தால் பெரும்பாலான கல்லூரிகள் ஒரு செமஸ்டர் கால அவகாசமாவது தருகின்றன. இந்த மேல்முறையீட்டுக்கு ஒவ்வொரு கல்லூரியும் தனித் தேதி வைத்திருப்பதால், மதிப்பெண் வெளியான அந்த வாரத்திலேயே நிதியுதவி அலுவலகத்தை அழைத்துக் கேட்பது நல்லது.